அத்தியாயம் 4: மென்பொருளுக்கு முன்னால் ஒரு தண்ணீர் மீட்டர்

2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்த பொது நிலையங்களையும் அந்த உத்தரவு விட்டுவைக்கவில்லை. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. பின்னலாடை ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த ஊர், துணிக்குச் சாயம் ஏற்ற வெளியூர்களுக்கு லாரி அனுப்பியது.

இது திடீரென்று வந்த இடி அல்ல. நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டிய அணையில் பாசன நீருக்குப் பதிலாகச் சாயக்கழிவுதான் தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவுநீர் துளியும் வெளியேறாத நிலைக்குப் பட்டறைகள் மாற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடுவில் கெடுவுக்கு மேல் கெடு. பல நிலையங்களில் கருவிகள் வாங்கி நிறுத்தப்பட்டிருந்தன. முழுக் கழிவையும் தாங்கி அவை ஓடவில்லை.

புதுமை எங்கே ஓடுகிறது, எங்கே முடங்குகிறது என்று பாடம் படிக்க இந்த ஊரை விட நல்ல இடம் கிடைப்பது கடினம். இந்த அத்தியாயம் நடுத்தரச் சாயப்பட்டறை ஒன்றின் உரிமையாளரையோ மேலாளரையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தண்ணீரையும் எரிபொருளையும் குறைக்க வேண்டும், கணக்கைக் கணினிக்குக் கொண்டுபோக வேண்டும், இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டும் என்பவருக்கான வழிமுறை இது. அரிசி ஆலையோ வார்ப்படத் தொழிலோ நடத்துபவர் அளவுகளை மாற்றிக்கொண்டு இதே வரிசையில் போகலாம்.

உத்தரவு தொடங்கிவைத்தது, உப்பு நடத்திக்கொடுத்தது

மூடல் உத்தரவுக்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பருத்திப் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு ஏராளமாக வேண்டும். கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டினால் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பும். மிச்சத்தில் உப்பெல்லாம் செறிந்து நிற்கும். அந்த மிச்சம் முழுவதையும் கொதிக்கவைத்து ஆவியாக்கப் பார்த்தபோதுதான் எரிபொருள் செலவு கழுத்தை நெரித்தது. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு வழி பலித்தது. உப்புநீரைத் துப்புரவாக்கி, காய்ச்சாமல், அடுத்த சாயத்துக்கே உப்பாகத் திருப்பி அனுப்பினார்கள். ஆவியாக்கிகளின் சுமை இறங்கியது. பட்டறைக்கு உப்பு வாங்கும் செலவும் குறைந்தது. மாநில அரசு 2011இல் நிலையங்களுக்கு அறிவித்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும் கைகொடுத்தது.

ஆக, தள்ளிவிட்டது நீதிமன்றம். ஆனால் தொடர்ந்து ஓடவைத்தது, தூக்கி எறிந்த பொருள் காசாகத் திரும்பியதுதான். ஆவியாக்கியில் கடைசியாகத் தங்கும் கலப்பு உப்பு இதற்கு நேர் எதிர் சாட்சி. வாங்க ஆளில்லாததால் அது கிடங்குகளில் குவிந்து, இன்னும் தீராத தலைவலியாக இருக்கிறது.

முடக்குபவை எவை: தொடங்கும் முன் மூன்று கேள்விகள்

கீழே உள்ள கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதிவிட்டுப் படி 1க்குப் போகவும். பதில் தெரியாமல் செலவு செய்யக் கூடாது.

1. மிச்சமாகும் பணம் யாருக்கு? பெரும்பாலான சாயப்பட்டறைகள் ஜாப் ஒர்க்கில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவை. நிலைத்தன்மைத் தகவல் கேட்பவர் ஐரோப்பிய வாங்குநர், நற்பெயர் எடுப்பவர் ஏற்றுமதியாளர், மீட்டர் வாங்கும் செலவு மட்டும் பட்டறைக்கு. இந்தக் கோணலை மறைத்துக்கொண்டு திட்டம் போட்டால் ஆறாவது மாதத்தில் நின்றுவிடும். முதல் வேலையாக, பட்டறைக்கே காசு மிச்சமாகும் ஒன்றை எடுக்கவும். தகவல் தொகுக்கும் செலவை அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் தனி வரியாக வைக்கவும்.

2. எண் வெளியே தெரிந்தால் யாருக்கு அடி? டையிங் மாஸ்டரின் பலமே அவருடைய ரெசிபி நோட்டு. அதைக் கணினியில் ஏற்றச் சொன்னால், நாளைக்கு நம்மை அனுப்பிவிடுவார்கள் என்று அவர் நினைப்பது நியாயம்தான். உரிமையாளருக்கும் ஒரு பயம் உண்டு: பதிவான எண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கைக்குப் போய்விட்டால்? இரண்டு பயத்தையும் பேசித் தீர்க்காத பட்டறையில் மீட்டர் அடிக்கடி பழுதாகும்.

3. தினமும் பார்க்கப்போவது யார்? ஒரு பெயர் எழுத வேண்டும். நிர்வாகம், அனைவரும் என்ற பதில்கள் செல்லாது.

படி 1: நான்கு மீட்டர் மட்டும்

விற்பனையாளர் நாற்பது சென்சார் கொண்ட திட்டத்தோடு வருவார். தேநீர் கொடுத்து அனுப்பிவிடவும். தொடக்கத்துக்கு நான்கு இடங்கள் போதும்: பட்டறைக்குள் வரும் மொத்தத் தண்ணீர், அதிகம் ஓடும் ஒரு சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்துக்குப் போகும் தண்ணீர், அதே இயந்திரத்தின் மின்சாரம், பாய்லருக்குப் போகும் ஊட்டுநீர். விறகை எடைமேடையில் நிறுத்து நோட்டில் எழுதினால் போதும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

- மின்காந்த ஃப்ளோ மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு நீளத்துக்காவது வளைவும் வால்வும் இல்லாத நேர்க்குழாய் வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு அதிகம் கேட்டால் அதையே பின்பற்றவும்.
- குழாய் எப்போதும் நிறைந்து ஓடும் இடமாக இருக்கட்டும். காற்றுத் தேங்கும் உச்சிப் பகுதியில் வைத்தால் எண் பொய் சொல்லும்.
- நீராவி குளிர்ந்து திரும்பும் நீரில் மின்கடத்தல் மிகக் குறைவு. மின்காந்த மீட்டர் அதில் தடுமாறும். அங்கே வெந்நீருக்கான சுழல் மீட்டர் பொருத்தவும்.
- மின்சார மீட்டர் தகவல் அனுப்பும் வசதியுள்ளதா என்று வாங்கும்போதே பார்க்கவும். இப்போது இணைக்காவிட்டாலும் பிறகு மாற்றி வாங்க வேண்டியிருக்காது.
- நீராவியும் பஞ்சுத் தூசும் நிறைந்த இடம் இது. பதிவுக் கருவி தூசும் நீரும் புகாத பெட்டிக்குள் இருக்கட்டும். மின்வெட்டிலும் நினைவு அழியாத வகையாகத் தேர்ந்தெடுக்கவும்.

பொருத்திய அன்றே ஒரு சோதனை: கொள்ளளவு தெரிந்த தொட்டியை மீட்டர் வழியாக நிரப்பி இரண்டு எண்ணையும் ஒப்பிடவும். மாஸ்டரையும் ஃபிட்டரையும் பக்கத்தில் நிறுத்திச் செய்யவும். தங்கள் கண்ணால் சரிபார்த்த எண்ணோடு பின்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

படி 2: நான்கு வாரம் கை வைக்காமல் பார்க்கவும்

இந்தக் காலத்தில் எதையும் மாற்றவோ யாரையும் கேள்வி கேட்கவோ வேண்டாம். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு வரி பதிவானால் போதும்: லாட் எண், கிலோ, ஷேடு வகை, இயந்திரம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், லிட்டர், யூனிட், முதல் தடவையே ஷேடு சரியாக வந்ததா இல்லையா.

ஷேடு வகையை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே வீண். வெள்ளைக்கும் வெளிர் நிறத்துக்கும் ஆகும் கழுவலை விடக் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் அதிகம் ஆகும். கறுப்பு ஆர்டர் குவிந்த மாதத்தையும் வெளிர் நிற மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் கூடிவிட்டது என்று மாஸ்டரைத் திட்டும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். எப்போதும் கிலோவுக்கு லிட்டர், அதுவும் ஷேடுவாரியாக.

பதிவுப் படிவத்தை யார் நிரப்புகிறார் என்றும் பார்க்கவும். திருப்பூரின் ஷிப்டுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறையப் பேர். தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் திரை இருந்தால் அவர்கள் ஊகித்துத்தான் விரலை வைப்பார்கள். இந்தி, ஒடியா எழுத்துகளோடு நிறக்கட்டங்களும் போடவும். லாட் எண்ணைத் தட்டச்சு செய்ய வைப்பதை விட, லாட் அட்டையில் ஒட்டிய கியூஆர் குறியை ஸ்கேன் செய்ய வைப்பது மேல்.

படி 3: ஒரே ஒரு கசிவைத் தேர்ந்தெடுக்கவும்

நான்கு வாரக் கணக்கை வைத்துக்கொண்டு, அதிகச் செலவில்லாமல் அடைக்கக்கூடிய ஓட்டையைத் தேடவும். தேடும் இடங்கள் புதியவை அல்ல. அமெரிக்காவின் என்ஆர்டிசி அமைப்பு சீனத் துணி ஆலைகளில் 2009இல் தொடங்கிய ‘கிளீன் பை டிசைன்’ திட்டத்தின் பட்டியலைப் பார்த்தால், நவீனக் கருவி என்று வியக்க எதுவுமே அதில் இருக்காது. கசிவை அடைப்பது, குளிர்விக்கும் நீரைத் திரும்பப் பயன்படுத்துவது, ஆவி குளிர்ந்த நீரைப் பாய்லருக்குத் திருப்புவது, ஸ்டீம் ட்ராப்புகளைப் பராமரிப்பது, குழாய்களுக்கு வெப்பக் காப்பு போடுவது, வெந்நீர்க் கழுவலின் சூட்டை மீட்பது, அழுத்தக் காற்றுக் கசிவைச் சரிசெய்வது. இவைபோன்ற வேலைகள்தான்.

தொடங்க வசதியானது குளிர்விக்கும் நீர். சாயத்தொட்டியின் சூட்டைத் தணிக்க வெப்பமாற்றி வழியே ஓடும் இந்த நீர் சாயத்தைத் தொடுவதே இல்லை. சுத்தமாக, அதுவும் சூடாக வெளியே வருகிறது. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, அடுத்த லாட்டுக்குக் குளிர்ந்த நீரை எடுத்து விறகு எரித்துக் காய்ச்சுவது இரட்டை நஷ்டம். ஒரு தொட்டி, ஒரு பம்பு, கொஞ்சம் குழாய் போதும்.

கணக்கு இப்படிப் போடவும். எடுத்துக்காட்டாக, நாளுக்கு 5,000 கிலோ சாயம் ஏற்றும் பட்டறையில் கிலோவுக்கு 60 லிட்டர் ஆகிறது என்றால் நாளுக்கு 3 லட்சம் லிட்டர். அதை 50 ஆக இறக்கினால் நாளுக்கு 50,000 லிட்டர் மிச்சம். தண்ணீர் வாங்கும் விலை, சுத்திகரிப்புக் கட்டணம், காய்ச்சும் எரிபொருள் மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் தொட்டியும் பம்பும் எத்தனை மாதத்தில் முதலை மீட்கும் என்று தெரிந்துவிடும். ஓராண்டுக்குள் மீளாத வேலையை முதல் வேலையாக எடுக்க வேண்டாம். அது நல்ல வேலையாகவே இருக்கலாம். ஆனால் நம்பிக்கை சேரும் முன் பொறுமை தீர்ந்துவிடும்.

குழாய் போடும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்கவும். தரைவிரிப்பு நிறுவனமான இன்டர்ஃபேஸ் 1990களில் ஷாங்காயில் அமைத்த ஆலைக்கு முதலில் வந்த வரைபடம் ஒரு சுற்றுக்கு 95 குதிரைத்திறன் பம்புகளைக் கேட்டது. அந்நிறுவனப் பொறியாளர் யான் ஸ்கில்ஹாம் அதையே 7 குதிரைத்திறனில் முடித்தார். செய்தது இரண்டே மாற்றம்: குழாயைப் பெரிதாக்கிப் பம்பைச் சிறிதாக்கினார், குழாய்ப் பாதையை முதலில் வரைந்துவிட்டு, இயந்திரங்களை அதற்கேற்ப நிறுத்தினார். புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

*எச்சரிக்கைக் குறிப்பு:* தண்ணீர் குறைந்தாலும் உப்பு குறைவதில்லை. அதே உப்பு குறைந்த நீரில் கரைந்து போவதால் கழிவுநீரின் டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்) அளவு ஏறும். பொது நிலையத்தின் ஏற்பு வரம்பைத் தாண்டிவிட்டால் மிச்சம் பிடித்தது அபராதமாகப் போய்விடும். குழாய் போடும் முன் நிலைய மேலாளரிடம் பேசிவிடவும்.

படி 4: சோதனைக்கு முடிவு நாளும் நிறுத்தும் அளவும் குறிக்கவும்

ஒரு இயந்திரம், ஒரு ஷேடு வகை, ஆறு வாரம். பலகையில் மூன்று வரி எழுதவும்: எதை எதிர்பார்க்கிறோம், எந்த எண்ணைப் பார்ப்போம், எந்த அளவைத் தாண்டினால் நிறுத்துவோம். மீண்டும் சாயமேற்றிய லாட்டுகள் முந்தைய நான்கு வாரச் சராசரியை விடக் கூடினால் உடனே பழைய முறைக்குத் திரும்புவது நல்ல நிபந்தனை. ஒரு லாட்டை இரண்டாம் முறை சாயமேற்றினால் பத்து லாட்டில் பிடித்த மிச்சமும் காலியாகலாம்.

நிறுத்தக் கூச்சப்பட வேண்டாம். பொம்மை நிறுவனமான லெகோ, பழைய பாட்டில் பிளாஸ்டிக்கில் கட்டைகள் வார்க்கும் திட்டத்தை 2021இல் பெருமையோடு காட்டியது, 2023இல் கைவிட்டது. புதிய இயந்திரங்களையும் கணக்கில் சேர்த்தால், கட்டையின் ஆயுள் முழுவதற்குமான கார்பன் வெளியேற்றம் பழைய முறையை விடக் கூடுதல் என்று தெரிந்ததே காரணம். பசுமை என்ற பெயருக்காக அதைத் தொடர்ந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அளந்தார்கள், நிறுத்தினார்கள்.

படி 5: மாஸ்டரைப் பங்காளியாக்கவும்

பொறியியலை விட இது கடினம். பொதுவாக அதிகம் கெட்டுப்போவதும் இங்கேதான்.

1. மீட்டர் வாங்குவதற்கு முன்பே, அதாவது படி 1க்கும் முன்னால், மாஸ்டரிடம் பேசவும். எந்த இயந்திரத்தில் தொடங்கலாம் என்ற தேர்வை அவரிடமே விடவும்.
2. கணினியில் ஏறும் ஒவ்வொரு ரெசிபியிலும் அவர் பெயர் இருக்கட்டும். திருத்தும் உரிமையும் அவரிடமே இருக்கட்டும்.
3. முதல் மூன்று மாதம் எந்த எண்ணுக்காகவும் யார் கூலியையும் பிடிக்க மாட்டோம் என்று உரிமையாளரே ஷிப்டின் முன்னால் சொல்லவும். சொன்னதைக் காப்பாற்றவும். ஒருமுறை பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் எண்களெல்லாம் உரிமையாளர் விரும்பும் எண்களாகவே இருக்கும்.
4. மிச்சமான பணத்தில் ஒரு பங்கு ஷிப்டுக்கு. எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டவும். மாதச் சம்பளத்தோடு கலக்காமல் தனி உறையில் கொடுக்கவும்.
5. நிறம் அளக்கும் கருவி வாங்கினால் அதன் சாவி மாஸ்டரிடம் இருக்கட்டும். தன் கண்ணுக்குத் துணையாக வந்தது என்று அவர் எடுத்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது.

தொழிலாளரிடமிருந்து யோசனை கேட்கும் பழக்கம் பெரிய நிறுவனங்களில் பலமுறை பலித்திருக்கிறது. 3எம் நிறுவனம் 1975இல் தொடங்கிய மாசுத் தடுப்புத் திட்டம், ஊழியர்களே முன்மொழியும் சிறு சிறு வேலைகளால் ஓடியது. மாசும் குறைய வேண்டும், பணமும் மிஞ்ச வேண்டும் என்பது அதன் நிபந்தனை. திருப்பூர்ப் பட்டறைக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரட்டை நிபந்தனையைத்தான். யோசனைப் பெட்டி வைத்தால் பாக்குக் காகிதம்தான் விழும். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் இயந்திரத்தருகே நின்று பேசுவது போதும்.

படி 6: இப்போது மென்பொருள்

நோட்டிலும் எக்செல்லிலும் மூன்று மாதம் ஓடிய பிறகுதான் மென்பொருள் பேச்சு. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று அதற்குள் தெரிந்திருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இவற்றை எழுத்தில் வாங்கவும்:

- தகவல் பட்டறையின் சொத்து. எப்போது கேட்டாலும் எக்செல்லில் திறக்கும் வடிவில் முழுவதும் கிடைக்க வேண்டும்.
- இணையம் அறுந்தாலும் பதிவு நிற்கக் கூடாது.
- சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகள் எத்தனை நாளுக்குக் கிடைக்கும்?
- பழுது என்றால் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், எந்த ஊரிலிருந்து?
- மீட்டரும் மென்பொருளும் ஒரே நிறுவனத்தில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா? இருந்தால் வேறு ஆளைப் பார்க்கவும்.

பெரிய கைகள் சேர்ந்தாலே தளம் நிலைக்கும் என்பதில்லை. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018இல் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் என்ற சரக்குத் தகவல் தளத்தை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தன. உலக அளவில் தொழில்துறை முழுவதும் ஒத்துழைக்கும் நிலை வரவில்லை என்பதே அவை சொன்ன காரணம். போட்டியாளர் நடத்தும் தளத்தில் தன் தகவலைப் போட யாருக்குத்தான் மனம் வரும்? ஏற்றுமதியாளர் ஒருவர் தன் செயலியில் எல்லாப் பதிவையும் ஏற்றச் சொன்னால் பட்டறையும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

*பணம் பற்றி:* மத்திய அரசின் ‘ஜெட்’ சான்றிதழ்த் திட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது சான்றிதழ்ச் செலவில் குறு நிறுவனங்களுக்கு 80, சிறு நிறுவனங்களுக்கு 60, நடுத்தர நிறுவனங்களுக்கு 50 விழுக்காடு மானியம் வைத்தது. எரிசக்தித் திறன் பணியகத்தின் ‘அடீட்டீ’ திட்டம் 2025இல் வந்தது. ஆற்றல் சேமிப்புக் கருவிகளுக்கான கடனில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 விழுக்காடும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் வட்டிச் சலுகை தருகிறது. நிபந்தனைகள் மாறும், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பிக்கவும். மானியம் கிடைக்கிறதே என்று தேவையில்லாத கருவி வாங்குவது, கூரைத் தகடு மலிவாகக் கிடைத்தது என்று வீட்டைப் பெரிதாக்குவது போன்றது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*தணிக்கைக்காக மட்டும் ஓடும் திரை.* வாங்குநரின் ஆள் வரும் நாளில் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் வண்ண வரைபடங்கள் ஓடும். மறுநாள் அதில் கிரிக்கெட். திரை இயந்திரத்தருகே இருக்கட்டும், ஷிப்டின் எண்ணைக் காட்டட்டும்.

*நல்ல இயந்திரத்தில் சோதனை.* புத்தம் புதிய இயந்திரத்தில் கிடைத்த பலனைக் காட்டி மற்ற எல்லாவற்றுக்கும் இலக்கு வைத்தால், பத்தாண்டு ஓடிய இயந்திரத்தை நடத்துபவர் முதல் வாரத்திலேயே கைகழுவிவிடுவார்.

*ஒரே ஆளை நம்புவது.* ஆலோசகரோ, கணினி தெரிந்த ஒரு இளைஞரோ போய்விட்டால் கடவுச்சொல்லும் போய்விடும். இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் உற்பத்தித் தளத்திலிருந்து.

*ஆர்டர் குவியும் காலத்தில் தொடங்குவது.* கப்பல் தேதி நெருங்கும் வாரத்தில் எந்த மாஸ்டரும் படிவம் நிரப்ப மாட்டார். ஆர்டர் மந்தமான மாதமே தொடங்கச் சரியான மாதம்.

பாதுகாப்பு: இதில் சமரசம் வேண்டாம்

புதிய மீட்டர், புதிய குழாய், புதிய தொட்டி என்று வேலை நடக்கும் நாட்களில்தான் விபத்து அதிகம் காத்திருக்கிறது.

1. தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தேங்கும். செறிவு கூடினால் வாடை தெரியும் முன்பே மூக்கு மரத்துவிடும். ஒருவர் மயங்க, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்து இறந்த செய்திகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. சென்சார் பொருத்த உள்ளே ஆள் போக வேண்டியிருந்தால், வாயு அளவி, காற்றோட்டம், சுவாசக் கருவி, மேலே கயிற்றோடு காவல் எல்லாம் உள்ள பயிற்சி பெற்ற குழுவுக்கே அந்த வேலை. முடிந்தவரை வெளியிலிருந்தே பொருத்தும் கருவியை வாங்கவும்.
2. நீராவிக் குழாயை உள்ளூர் வெல்டரை வைத்து வெட்ட வேண்டாம். பாய்லரிலும் அதன் ஆவிக் குழாயிலும் மாற்றம் செய்யக் கொதிகலன் துறையின் விதிகள் உண்டு. அனுமதி, அழுத்தம் இறங்கியதற்கான உறுதி, பூட்டிய வால்வு மூன்றும் இல்லாமல் தொடக் கூடாது.
3. மின் அளவிக்கான சிடி (மின்னோட்ட மாற்றி) கம்பிகளை மின்னோட்டம் இருக்கும்போது கழற்றக் கூடாது. முனை திறந்தால் உயர் மின்னழுத்தம் ஏறும். பேனலை நிறுத்திப் பூட்டிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்யட்டும். பூட்டின் சாவி அவர் சட்டைப்பையில்.
4. தானியங்கி டோசிங் பொருத்தினால் எந்தக் குழாய் எந்த ரசாயனத்துக்கு என்று நிறம் பூசிப் பிரிக்கவும். ஹைபோகுளோரைட்டில் அமிலம் கலந்தால் குளோரின் வாயு. ஹைட்ரோஸ் பொடியில் ஈரம் பட்டால் சூடாகித் தீப்பிடிக்கும். அதன் பக்கத்தில் தண்ணீர்க் குழாயே போகக் கூடாது.
5. இயந்திரக் கட்டுப்பாட்டு வலையையும் அலுவலக வைஃபையையும் பிரிக்கவும். கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றவும். நார்வேயின் அலுமினிய நிறுவனம் நார்ஸ்க் ஹைட்ரோவைப் பணம் பறிக்கும் வைரஸ் 2019 மார்ச்சில் தாக்கியது. அவர்கள் பணம் கொடுக்கவில்லை. சேமித்து வைத்திருந்த நகல்களிலிருந்து மீண்டார்கள். அதுவரை பல ஆலைகள் காகிதத்தோடும் கையோடும் ஓடின. அன்றாட ரெசிபிகளின் அச்சுப்படி ஒன்று மாஸ்டரின் அலமாரியில் பூட்டியிருக்கட்டும்.

யார் கேட்டால் எதைக் கொடுப்பது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கும் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் இணையவழித் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. அந்தக் கருவிகளும் இந்த அத்தியாயத்தின் மீட்டர்களும் வேறு வேறு. சட்டப்படியான பதிவில் யாரும் கை வைக்கக் கூடாது. உள்கணக்குக்கு வைத்த மீட்டரின் எண் அதோடு முரண்பட்டால், மறைக்காமல், எந்த மீட்டர் தவறு என்று அன்றே தொட்டிச் சோதனை செய்யவும்.

அடுத்து வாங்குநர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழலுக்கிசைந்த பொருள் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலை 18இல் நடைமுறைக்கு வந்தது. பொருள் ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டு என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. ஜவுளி முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. என்னென்ன விவரம் கேட்கப்படும் என்பது ஜவுளிக்கென வரும் துணைவிதிகளில் முடிவாகும். அதற்காக இப்போதே விலையுயர்ந்த கடவுச்சீட்டு மென்பொருளை விற்க வருபவரைக் காத்திருக்கச் சொல்லலாம். லாட்வாரியாகக் கிலோ, ஷேடு, தண்ணீர், மின்சாரம், எரிபொருள், பயன்படுத்திய ரசாயனத்தின் பெயரும் தொகுதி எண்ணும் மூன்று ஆண்டுக்குத் தேடி எடுக்கும்படி இருந்தால், எந்தப் படிவம் வந்தாலும் நிரப்பிவிட முடியும்.

ஒரே பட்டறையிடம் நான்கு வாங்குநர் நான்கு படிவம் கேட்பது வழக்கம். ஹிக், இசட்டிஎச்சி போன்ற பொதுவான மதிப்பீட்டு முறை ஒன்றில் விவரத்தை நிரப்பி, அதையே எல்லோரிடமும் ஏற்கச் சொல்லிக் கேட்கவும், சிலர் ஏற்பார்கள். மாதச் சராசரியாகக் கிலோவுக்கு எத்தனை லிட்டர், எத்தனை யூனிட் என்பதையும் ரசாயனப் பட்டியலையும் கொடுக்கலாம். ரெசிபி, மற்ற வாடிக்கையாளர்களின் லாட் விவரம், கூலி ஆகிய மூன்றையும் கேட்டால், எந்தச் சட்டப் பிரிவின்படி தேவை என்று எழுத்தில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அந்தக் கட்டங்களைக் காலியாக விடவும்.